பெட்டியில் கிடந்த படைநூல்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பச்சை வண்ணம் பூசிய பெட்டி. அதன் மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் என் தந்தையாரின் பெயரும், ஓர் எண்ணும் எழுதப்பட்டிருந்தன. பர்மாப் போர்முனைக்குச் சென்று, 1946-இல் ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த செல்வம் அந்தப் பெட்டி ஒன்றுதான். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடைப்பட்ட சமவெளியில், கிணற்று நீரை நம்பிக் கம்பும் சோளமும் நிலக்கடலையும் விளைத்து வாழும் சிற்றூர் எங்களூர். அங்கே, கடல் கடந்து போர் கண்டு திரும்பியவர் இருவர். ஒருவர் என் தந்தையார். மற்றொருவர் ஊர்க்கோடி வளவில் பிறந்த அருந்ததியத் தோழர்.

பெட்டிக்குள் ஒரு கம்பளியும், ஒரு பதக்கமும், கையடக்கமான ஒரு புத்தகமும் இருந்தன. புத்தகம் படைவீரர் பயிற்சிக் கையேடு. இந்துஸ்தானி மொழியை ஆங்கில எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். வரிசையில் நிற்பது எப்படி, துப்பாக்கியைத் துடைப்பது எப்படி, பதுங்குகுழி எவ்வளவு ஆழம் இருக்கவேண்டும், ஆற்றின் குறுக்கே மிதவைகளை அடுக்கிப் பாலம் அமைப்பது எப்படி என்பவற்றைப் படங்களோடு விளக்கிய நூல் அது. அதன் முதல் தாளில் தந்தையார், தம்மோடு ஒரே பிரிவில் இருந்தவர்களின் பட்டியலை எழுதி வைத்திருந்தார். பெயர், பக்கத்தில் எண். வேறொன்றுமில்லை. சாதியில்லை, குலமில்லை, கூட்டமில்லை. வளவுத் தோழரின் பெயர் அந்தப் பட்டியலில் தந்தையாரின் பெயருக்கு அடுத்து நின்றது.

தாளில் அடுத்தடுத்து நின்ற பெயர்கள் அவை. தரையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். சித்திரை வெயிலில் ஒரு நண்பகல். வளவுத் தோழர் எங்கள் வாசலுக்கு வந்தார். ஓய்வூதியம் பற்றி ஏதோ தாள் வந்திருந்தது. அதைப் படித்துச் சொல்லும்படி கேட்க வந்தார். எங்கள் பக்கத்து வீடுகளில் முன்கூடத்துக்கு ‘ஆசாரம்’ என்று பெயர். பொருத்தமான பெயர்தான்! தந்தையார் ஆசாரத்தில் கட்டிலில் அமர்ந்திருந்தார். தோழர் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பண்ணாடி, இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குதுங்க?” என்று கேட்டார்.

தந்தையார் திடுக்கிட்டதை நான் கண்டேன். ஏன் திடுக்கிட்டார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. அவர் வாய் திறக்குமுன் அப்பத்தா உள்ளிருந்து மோர்ச் செம்போடு வந்தார். வேலியோரம் கிடந்த கொட்டாங்குச்சியைக் காலால் சுட்டிக் காட்டினார். தோழர் அதை எடுத்து நீட்டினார். அப்பத்தா எட்ட நின்று, உயரத்திலிருந்து ஊற்றினார். தோழர் குனிந்து குடித்தார். தாளைப் படித்துச் சொன்னார் தந்தையார். தோழர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான், உரத்த சொல் ஒன்றில்லை. ஊரில் நாள்தோறும் நடப்பதுதான் நடந்தது.

ஆனால், அன்று மாலை தந்தையார் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். கையேட்டைத் திறந்து முதல் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடி, மேலே ஏற்றிவிட்டார். பல ஆண்டுகள் அது கீழே இறங்கவேயில்லை.

அந்தப் புத்தகம்தான் என் நெஞ்சில் ஒரு கேள்வியை விதைத்தது. படை என்பது உயிரைப் பணயம் வைக்கும் இடம். அங்கே பொய்க்கு இடமில்லை, போலிக்கு இடமில்லை. பயனற்ற சுமையைத் தூக்கிக்கொண்டு எந்தப் படையும் வெல்ல முடியாது. அப்படியானால், படையைப் பற்றி எழுதிய நூல்கள் பிறப்பைப் பற்றி என்ன சொல்லுகின்றன? உயர்ந்தவன், தாழ்ந்தவன் என்ற கணக்கு போர்க்களத்திலே செல்லுபடியாகிறதா? சேலத்துக்குப் படிக்கப்போன நாளிலிருந்து, கைக்குக் கிடைத்த படைநூல்களில் எல்லாம் நான் தேடியது இந்த ஒரு கேள்விக்கான விடையைத்தான்.

முதலில் கிடைத்தது நம் வீட்டுச் சொத்தான திருக்குறள். பொருட்பாலில் படைமாட்சி, படைச்செருக்கு என்று இரண்டு அதிகாரங்கள் படைக்கென்றே அமைந்துள்ளன. வலியறிதல், காலமறிதல், இடனறிதல், அரண் ஆகியவையும் போர் நடத்துவோனுக்கு வேண்டிய பாடங்களே. படைக்குக் காவலாக நிற்பவை எவை என்று வள்ளுவர் நான்கைச் சொல்லுகிறார்: வீரம், மானம், முன்னோர் சென்ற நன்னெறியில் நடத்தல், தலைவனால் நம்பித் தெளியப்படுதல். இந்த நான்கிலே குலம் எங்கே? கோத்திரம் எங்கே? வழிவழியாக வந்த வலிமையை வள்ளுவர் போற்றுகிறார், உண்மைதான். ஆனால் எந்தக் குலத்தின் வழி என்று அவர் வரம்பு கட்டவில்லை. காலமறிதல் அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் நாளும் கோளும் தலைகாட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். பகலில் காக்கை கோட்டானை வென்றுவிடும். அதுதான் அவர் சொல்லும் நல்ல நேரம்! பஞ்சாங்கத்தில் பார்க்கும் நேரமன்று. பகைவனின் நிலையைப் பார்த்து அறியும் நேரம்.

படைமாட்சிக்கு உரை எழுதிய பரிமேலழகர், படையை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. இந்தப் பகுப்பைப் படித்தபோது, இது வேறோர் ஏட்டிலும் இருக்கிறது என்றார் எங்கள் தமிழாசிரியர். அந்த ஏடுதான் கௌடலீயரின் பொருள்நூல், அர்த்தசாத்திரம்.

அந்த நூல் வெளிவந்த வரலாறே ஒரு பாடம். நூற்றாண்டுக் கணக்கில் அதன் பெயரைத்தான் அறிஞர் அறிந்திருந்தனர், நூலைக் கண்டவரில்லை. 1905-இல் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசு நூலகத்தில் ஓலைச்சுவடி ஒன்றைக் கொடுத்தார். நூலகத்திலிருந்த சாமசாத்திரியார் அதைப் பிரித்துப் பார்த்தார். காணாமற்போன நூல் கையிலிருந்தது! 1909-இல் அச்சாயிற்று. பின்னர் பண்டிதமணி கதிரேசஞ் செட்டியாரின் உழைப்பால் தமிழிலும் வந்தது. அரசு நடத்தும் கலையையும் போர் நடத்தும் கலையையும் பதினைந்து பகுதிகளில் விரித்துரைக்கும் நூல், நம் நாட்டு வீடொன்றில் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. ஓதுவதற்கு உரிமையுடையோர் ஒரு சிலரே என்று ஒரு நாடு வகுத்துக்கொண்டால், அறிவுக்கு நேரும் கதி இதுதான். பூட்டியவர்க்கும் பயனில்லை; புறத்தே நின்றவர்க்கும் பயனில்லை.

அந்த நூலின் ஒன்பதாம் பகுதியில் நான் தேடிய கேள்வி அப்படியே எழுப்பப்பட்டிருக்கக் கண்டு வியந்தேன். பார்ப்பனப் படை, சத்திரியப் படை, வைசியப் படை, சூத்திரப் படை ஆகிய நான்கில் எது சிறந்தது? முன்னோன் சொன்னவனே முன்னவன், பிறப்பின் வரிசைப்படி முன்னே நிற்பதே சிறந்தது என்பது பழைய ஆசிரியர்களின் கட்சி. கௌடலீயர் அதை மறுக்கிறார். பார்ப்பனப் படையின் காலில் விழுந்தே பகைவன் அதைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வான் என்கிறார்! படைக்கலப் பயிற்சி பெற்ற சத்திரியப் படை நல்லது. அல்லது, வலிய ஆட்கள் மிகுதியாகவுள்ள வைசிய, சூத்திரப் படை நல்லது என்பது அவர் தீர்ப்பு. வணக்கம் போட்டால் வசமாகிவிடும் உயர்வினால் போரில் என்ன பயன் என்று கேட்டவர் நாத்திகரல்லர், சீர்திருத்தக்காரரல்லர், நால்வருண முறையைக் கட்டிக் காக்கவேண்டும் என்று அதே நூலில் எழுதியவர்தான்!

நாள்மீன்களைப் பற்றியும் அவர் கருத்து கூர்மையானது. விண்மீன்களையே மிகுதியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அறிவிலியை விட்டுப் பொருள் விலகிப்போகும். பொருளுக்குப் பொருள்தான் விண்மீன். வானத்து மீன்கள் என்ன செய்யும் என்ற பொருள்பட எழுதுகிறார். சபாஷ் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். பத்தாம் பகுதிக்கு வாருங்கள். போருக்கு முன்பு சோதிடர்களை அழைத்து, நம் அரசர் முக்காலமும் உணர்ந்தவர், தெய்வத்தின் துணையுடையவர் என்று முழங்கச் செய்து, படைவீரரை உற்சாகப்படுத்துக என்கிறார். அரசன் நம்பவேண்டா; ஆனால் ஆள் நம்பவேண்டும்! மேலிருப்பவனுக்குப் பகுத்தறிவு; கீழிருப்பவனுக்குப் பஞ்சாங்கம். மூடநம்பிக்கை யாருடைய தேவைக்காக வளர்க்கப்பட்டது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வாக்குமூலம் வேறென்ன வேண்டும்?

கூலிக் கணக்கும் அங்கே இருக்கிறது. படைத்தலைவனுக்கும் புரோகிதனுக்கும் 48,000 பணம். பயிற்சி பெற்ற காலாளுக்கு 500 பணம். அதாவது, தொண்ணூற்றாறு வீரர் பெறுவதை ஒருவர் பெறுவார். ஆனால் போர் நாளன்று அரசன் வீரர்முன் நின்று, நானும் உங்களைப்போல் கூலி பெறுபவன்தான், இந்த நாட்டை நாம் சேர்ந்தே துய்க்கவேண்டும் என்று பேசவேண்டுமாம்! களத்தில் மட்டும் கூட்டாளி. நூலின் நல்ல பக்கத்தையும் மறைக்கக்கூடாது. பணியில் இறந்தவனின் மனைவி மக்களுக்கு உணவும் கூலியும் கிடைக்கவேண்டும் என்றும், கருவிகளோடும் மருந்துகளோடும் மருத்துவர் படையின் பின்னே நிற்கவேண்டும் என்றும் அது சொல்லுகிறது. வீரனின் உடலுக்குள்ள மதிப்பை அது உணர்ந்திருந்தது. வீரனுக்குள்ள மதிப்பைப் போர் முடிந்தபின் நீட்டிக்கத்தான் அதற்கு மனமில்லை.

இது வடபுலத்து நூலாயிற்றே, நம் சமவெளிக்கு இதிலென்ன என்று கேட்கலாம். நம் சமவெளிக்கென்றே ஒரு படைநூல் உண்டு. சேலம், நாமக்கல், சங்ககிரி எல்லாம் 1792 வரை மைசூர் அரசின்கீழ் இருந்தன. ஐதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் ஆண்ட அந்த ஆண்டுகளில், திப்புவின் ஆணையால் ‘ஃபத்ஹுல் முஜாஹிதீன்’ என்னும் படை ஒழுங்கு நூல் பாரசீக மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர் சைனுல் ஆபிதீன் சூஸ்தரி. படையை ‘குஷூன்’ என்னும் பெரும்பிரிவுகளாகவும், அவற்றை ‘ரிசாலா’, ‘ஜௌக்’ என்னும் சிறு பிரிவுகளாகவும் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தலைவனை வகுத்துக் காட்டியது அந்நூல். ஒவ்வொரு குஷூனோடும் 200 ராக்கெட் வீரர்கள் சேர்க்கப்பட்டனர். இரும்புக் குழாயில் வெடிமருந்தை அடைத்து, நீண்ட மூங்கிலிலோ வாளிலோ பிணைத்து, பகைவர் நடுவே சீறிப் பாயச் செய்யும் கருவி அது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அவற்றைப் பார்த்துத்தான் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் தம் ராக்கெட்டுகளைச் செய்தார்.

அந்தக் கருவியைத் தூக்கிச் சென்றவன் யார்? சுடும் கோணத்தைக் கணக்கிட்டவன் யார்? பிறப்பால் கற்றுக்கொண்டவன் எவனும் இல்லை, பயிற்சியால் கற்றுக்கொண்டவன். ராக்கெட்டின் குழாய்க்கு ஏற்றுபவனின் குலம் தெரியாது. சாய்வு சரியாக இருந்தால் பாயும். தவறினால் ஏற்றியவன்மீதே விழும்.

சங்ககிரி மலைக்கோட்டைக்கு நான் முதன்முதலில் ஏறியது பள்ளி நாட்களில். மதிலுக்கு மேல் மதிலாக, வாயிலுக்குப் பின் வாயிலாக ஏறிக்கொண்டே போகும் கோட்டை. ஒரு வாயில் வீழ்ந்தால் அடுத்த வாயிலில் நின்று போரிடலாம். அரண் என்றால் என்னவென்று கல்லால் எழுதிய நூல் அது. அங்கேதான் 1805-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். திப்புவோடு நின்று ஆங்கிலேயரை எதிர்த்தவர். திப்புவின் மறைவுக்குப் பின்னும் கொங்கு நாட்டில் படை திரட்டிப் போராடியவர். அவருடைய படையில் அருந்ததியர் குலத்தில் பிறந்த பொல்லான் முன்னணியில் நின்றார் என்பதும், பல குலத்தவரும் தோளோடு தோள் நின்றனர் என்பதும் கொங்கு மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அந்தப் படையை இன்று நினைப்பவர்கள் தலைவரைத் தம் குலத்துக்கென்றும், தளபதியை இன்னொரு குலத்துக்கென்றும் பிரித்துப் போற்றுகிறார்கள். வெள்ளையன் பிரிக்க முடியாத படையை விழா எடுப்பவர்கள் பிரித்துவிட்டார்கள்!

வெள்ளையனும் படைநூல் எழுதினான். அது மூன்றாவது வகை. ஆள்சேர்க்கும் அதிகாரிகளுக்காக, எந்தச் சாதியான் போருக்கு ஏற்றவன், எந்தச் சாதியான் ஏற்றவனல்லன் என்று வகைப்படுத்திய கையேடுகள் இந்தியப் படைக்காக அச்சிடப்பட்டன. 1885 முதல் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்சு, தெற்கத்தியார் போர்க்குணம் இழந்தவர்கள் என்ற கருத்துடையவர். ‘போர்க்குலம்’ என்றொரு தத்துவம் பிறந்தது. மராட்டியத்தில் மகர் மக்களைப் படையில் சேர்ப்பது 1892-இல் நிறுத்தப்பட்டது. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் அதே படையில் சுபேதாராகப் பணிபுரிந்தவர் என்பதை எண்ணிப் பாருங்கள். முதல் உலகப்போருக்குப் பின் சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சென்னைப் பயனியர் படையும் 1933-இல் கலைக்கப்பட்டது.

பின்பு என்ன நடந்தது? இரண்டாம் உலகப்போர் வந்தது. சப்பானியர் பர்மாவைக் கடந்து இந்திய எல்லையைத் தொட்டனர். ஆள் வேண்டும் என்ற நெருக்கடி வந்ததும், போர்க்குணமற்றவர்கள் என்று தள்ளியவர்களைத் தேடி வந்தார்கள். 1941-இல் மகர் ரெஜிமெண்ட் உருவாயிற்று. சென்னை ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. சேலத்துச் சமவெளியிலிருந்து என் தந்தையாரும் வளவுத் தோழரும் புறப்பட்டது அந்த நெருக்கடியில்தான். போர்க்குலத் தத்துவத்தைப் பொய்யாக்க எந்த அறிஞரும் மறுப்பு நூல் எழுதவேண்டியிருக்கவில்லை. பகைவன் எல்லைக்கு வந்ததே போதுமானதாயிற்று.

இந்த மூன்று வகை நூல்களையும் அடுக்கி வைத்துப் பார்த்தேன். வடமொழியில் ஒன்று, பாரசீகத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. கால் நடந்தது நம்முடையது; அதற்கு வந்த ஆணை நம் மொழியில் இல்லை. ஆனாலும் மூன்றிலும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. தோற்றுவிடுவோம் என்ற அச்சம் வந்தவுடன், ஆள்வோர் முதலில் கழற்றி எறிவது பிறப்பின் கணக்கைத்தான். போர் முடிந்ததும் முதலில் எடுத்து அணிவதும் அதையேதான். போருக்குத் தேவையற்ற ஒன்று ஊருக்கு எதற்காகத் தேவைப்படுகிறது? களத்திலே சுமையாக இருப்பது வீட்டிலே அணியாக ஆவது எப்படி?

தமிழன் தன் படைநூலில் ஒரு சிறப்பைச் சேர்த்திருந்தான். தொல்காப்பியம் வெட்சி முதலாகப் புறத்திணைகளை வகுக்கும்போது, போரில் மாண்டவனுக்குக் கல்லெடுக்கும் முறையையும் இலக்கணமாக்கியது. கல்லைத் தேடிக் காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது என்று ஆறு நிலைகள். அரசனுக்கு மட்டும் அமைந்த சிறப்பன்று இது. ஆநிரை காத்து மாண்ட எளிய மனிதனுக்கும் கல் நின்றது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்து நின்ற அவன் நாயும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, உடன் நின்று போராடிய நாய்க்குப் பெயர் சொல்லிக் கல்லெடுத்த நாடு இது. அந்த நாட்டில்தான், உடன் நின்று போராடிய மனிதனுக்கு வேலியோரத்துக் கொட்டாங்குச்சி!

இதை எல்லாம் படித்தபின், 1967-ஆம் ஆண்டு வாக்கில், ஒரு நாள் தந்தையாரிடம் கேட்டேவிட்டேன். நான் அப்போது ஆசிரியனாகிவிட்டேன். கேள்வி கேட்கும் துணிவு, சம்பளம் வாங்கத் தொடங்கியபின்தான் எனக்கும் வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

“அன்றைக்கு அவர் வந்தபோது ஏன் திடுக்கிட்டீர்கள், அப்பா?” என்றேன்.

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அவருக்கு அது தெரிந்திருந்தது.

“பர்மாவுலே அவன் என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவான். ஒரே தட்டுலே சாப்பிட்டிருக்கிறோம். காய்ச்சல்லே நான் கிடந்தப்ப என்னை முதுகுலே சுமந்து மூணு மைல் வந்தவன் அவன். ஊருக்கு வந்து, நம்ம வாசல்லே நின்னு, பண்ணாடின்னான் பாரு... அதுதான்” என்றார்.

“அப்படியானால், உள்ளே வா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?”

தந்தையார் தலை குனிந்தார். “அங்கே குண்டுக்குப் பயப்படலே. இங்கே ஊருக்குப் பயந்துட்டேன்” என்றார்.

நான் படித்த படைநூல்கள் எதிலும் அந்த வகை அச்சத்துக்கு மருந்து இல்லை. பகைவனுக்கு அஞ்சாதே என்று எல்லா நூல்களும் சொல்லுகின்றன. உறவினருக்கு அஞ்சாதே, பக்கத்து வீட்டுக்காரருக்கு அஞ்சாதே, பந்தியில் உட்கார்ந்திருப்பவனின் முகச்சுளிப்புக்கு அஞ்சாதே என்று சொல்லிக்கொடுக்க அவற்றில் அதிகாரம் இல்லை. தீண்டாமை ஒழிந்தது என்று 1950-இல் அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. அது நல்ல நூல். மிக நல்ல நூல். ஆனால் பரணில் ஏற்றிவைத்த கையேடு எப்படிப் பாலம் கட்டாதோ, அப்படியே அலமாரியில் அடுக்கிவைத்த சட்டமும் கொட்டாங்குச்சியை அகற்றாது. கட்டுவதற்கு ஒரு கை வேண்டும். முதல் மிதவையைத் தண்ணீரில் இறக்க ஓர் ஆள் வேண்டும்.

அடுத்து வந்த பொங்கலன்று, தந்தையார் எவரிடமும் சொல்லாமல் சட்டையணிந்து புறப்பட்டார். நேரே வளவுக்குப் போனார். தோழரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் வைத்த பொங்கலை உண்டார். பிறகு தோழரின் கையைப் பிடித்து, ஊர் நடுத்தெரு வழியாக, எல்லோரும் பார்க்க, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். அப்பத்தா அப்போது இல்லை, மறைந்துவிட்டார். என் தாயார் ஒரு கணம் தயங்கினார். பிறகு ஆசாரத்தில் பாய் விரித்து இரண்டு இலைகளைப் போட்டார்.

அதற்கு விலை இல்லாமல் போகவில்லை. எங்களுக்குப் பால் ஊற்றியவர் மறுநாளிலிருந்து வரவில்லை. கோயில் சாட்டு வந்தபோது எங்கள் வீட்டு வரியை வாங்க மறுத்தார்கள். என் தங்கைக்குப் பேசி முடித்திருந்த திருமணம் முறிந்தது. அவள் அழுதாள், தந்தையாரோடு ஒரு மாதம் பேசவில்லை. இரண்டாண்டுகள் கழித்து, சேலத்தில் நெசவுத் தொழிலிலிருந்த ஒரு குடும்பத்து இளைஞர், புரோகிதர் இன்றி, தமிழில் உறுதிமொழி கூறி அவளை மணந்தார். அந்த மணத்துக்கு எங்கள் உறவில் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. வளவிலிருந்து தோழர் தம் பதக்கத்தை அணிந்துகொண்டு வந்திருந்தார்.

ஊர் மாறிவிட்டதா என்று கேட்பீர்கள். சில மாறியிருக்கின்றன. கொட்டாங்குச்சி போய்விட்டது, தனிக்குவளை மறைந்துவிட்டது. வளவுப் பிள்ளைகள் படித்து நாமக்கல்லிலும் சேலத்திலும் பணியில் இருக்கிறார்கள். ஆனால் சுடுகாட்டுக்கு இன்னும் இரண்டு பாதைகள் இருக்கின்றன. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளை இன்னும் ஊர் பகைவரைப்போல் வேட்டையாடுகிறது. எங்கள் ஊரில் தந்தையார் ஒரு மிதவையை இறக்கினார். ஆறு இன்னும் அகலமாகவே கிடக்கிறது.

அந்தக் கையேடு இப்போது என்னிடம் இருக்கிறது. பரணில் வைக்கவில்லை, மேசைமேல் வைத்திருக்கிறேன். என் பேத்தி ஒரு நாள் அதன் முதல் தாளைப் பார்த்து, “இவர்களெல்லாம் நமக்கு என்ன உறவு, தாத்தா?” என்று கேட்டாள். ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பெயருக்கு வந்ததும், அந்தப் பொங்கல் நாளைச் சொன்னேன்.

வாசற்படிவரை வந்த தோழர் அன்று படியிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிக் கையிலெடுக்கக் குனிந்தார். தந்தையார் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார். “என்ன, மறந்துட்டியா? என்னை என்னன்னு கூப்பிடுவே?” என்று கேட்டார். தோழரின் உதடுகள் நடுங்கின. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாயில் வராத சொல் அது.

“அண்ணா” என்றார்.

இருவரும் உள்ளே வந்தார்கள்.